அகலத் திரையின் வலது ஓரம்

வடக்குப்பட்டு
14.7.2024

அன்புள்ள லேகாவுக்கு,

ஜீவானந்தம் எழுதுகிறேன். உனக்கு ஃபோன் போட்டால் ஒரு மணியோடு அடங்கிவிடுகிறது. என் பெண்டாட்டி சசிகலாவின் ஃபோனிலிருந்து போட்டாலும் அதே கதி. நான் பாவி, சரி. அவள் என்ன பாவம் செய்தாள்? உன் தம்பி சுடலைக்கண்ணு கோவில் கொடைக்கு லீவு சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புவதாக கேன்டீனில் சொன்னான். அதனால் இதை எழுதி அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, "திங்கக்கெழமை பாப்போம்ணே" என்று சொல்லிவிட்டு, சேரப்பணஞ்சேரி ஹாஸ்டல் வண்டியில் ஏறிப் போனாய். திங்கட்கிழமை நான் மாடிக்குப் போய்க் கண்ணாடி ரூமைத் திறந்தால் நம்முடைய இரண்டு பழைய மானிட்டரும் இல்லை. மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஒரு மானிட்டர், வளைந்து, பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. நீ ஒரு வருஷமாக ரகுபதி சாரை நச்சரித்துக் கேட்ட அதே அகல மானிட்டர். எனக்கு வாயெல்லாம் பல். உன்னிடம் சொல்லத் திரும்புகிறேன், உன் நாற்காலி இல்லை. துடைக்க எடுத்துப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

ரகுபதி சார் வந்தார். "இனிமே ஒரு ஆளு போதும் ஜீவா. அதான் எல்லாம் ஒரே ஸ்கிரீன்ல தெரியுதில்ல" என்றார். லேகா எங்கே என்று கேட்டேன். "அவங்க ஏஜென்சி ஆளு. நேத்தே சொல்லிட்டாங்க" என்றார். ஏதோ தண்ணீர் கேன் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

லேகா, நான் சொல்லித்தான் உன்னை வேலையிலிருந்து எடுத்தார்கள் என்று நீ நினைப்பதாக மஞ்சுளா வந்து சொன்னாள். அவளும் உன் ஹாஸ்டல்காரிதானே, உன்னிடம் கேட்டுத்தான் சொல்லியிருப்பாள். என் பிள்ளைமேல் ஆணையாக எனக்கு எதுவும் தெரியாது. அன்றிலிருந்து உன் நாற்காலியைத் திரும்பப் போடுங்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கீழே ஆறு பிரஸ் லைன் ஓடுகிறது சார், உள்ளே தகடு மாட்டினால் சாவியைத் திருப்பிவிட்டுக் கையை விட்டுத்தான் எடுப்பார்கள், அப்போது எங்கள் திரையில் மஞ்சள் எரியும், ஒருவர் பார்த்து "ஆறு மஞ்சள்" என்று குரல் கொடுக்க, இன்னொருவர் "ஆறு மஞ்சள்" என்று திருப்பிச் சொல்லிப் பூட்டு பட்டனை அழுத்துவோம், அழுத்தினால்தான் பிரஸ் அசையாது, அதற்கு இரண்டு வாய் வேண்டும் சார் என்கிறேன். இதையெல்லாம் உனக்கே விளக்குகிறேன் பார். அவருக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

அவர் கேட்கிறார், "எந்த ரூல்ல இருக்கு, திருப்பிச் சொல்லணும்னு?" எந்த ரூலிலும் இல்லை. நீயும் நானுமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இப்போது நான் மட்டும் "மூணு மஞ்சள்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். பிறகு ஞாபகம் வந்து நானே அழுத்துகிறேன்.

திட்டுவதானாலும் திட்டி ஒரு வரி எழுது.

ஜீவானந்தம்

*

திசையன்விளை
24.7.2024

ஜீவா அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. என் அருமைத் தம்பி சுடலை அதை என்னிடம் தனியாகக் கொடுக்கக் கூடாதா? கொடை வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, நடுக்கூடத்தில் வைத்து நீட்டினான். "ஏட்டி, யாருட்டி ஒனக்கு லெட்டர் போடுதது?" என்று அம்மா கேட்ட கேள்வியில் பந்தியே நின்றுவிட்டது. கல்யாணமான அண்ணன், பெண்டாட்டி பேர் சசிகலா, ஒரு பிள்ளை இருக்கிறது என்று உங்கள் ஜாதகத்தையே ஒப்பித்துத்தான் தப்பித்தேன்.

ஃபோனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன். எழுதினால் ஒழுங்காகத் திட்டலாம்.

உங்களுக்கு அதிர்ச்சியாமே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் மொட்டை மாடியில் யூனிஃபாரம் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏஜென்சி காசிராஜன் கூப்பிட்டான். "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றான். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். "தப்பெல்லாம் இல்ல. புது மானிட்டர் வந்துட்டுதாம்" என்றான். கையில் ஈர யூனிஃபாரத்தோடு அப்படியே நின்றேன். சிரிப்புதான் வந்தது, அண்ணே. பைத்தியம் பிடித்தவள் மாதிரி சிரித்தேன்.

அந்த மானிட்டரைக் கேட்டவள் நான். பழைய இரண்டுக்கும் நடுவில் கட்டை விரல் தடிமனுக்குக் கறுப்புச் சட்டம். மூன்றாவது லைனிலிருந்து நாலாவது லைனுக்கு ஒருவர் நடந்து போனால் அந்தக் கறுப்பில் மறைந்து, பிறகு முளைப்பார். அந்த ஒரு நொடி அவர் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் சட்டம் இல்லாத ஒரே திரை வேண்டும் என்று கேட்டேன். மேஜையை அளந்தேன். எந்த லைன் எங்கே தெரிய வேண்டும் என்று படம்கூட நானே வரைந்து கொடுத்தேன். "ரொம்ப நல்ல ஐடியாம்மா" என்று ரகுபதி சார் வாங்கிக்கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுச் செய்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லி எடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் கம்பெனிக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை. உங்களை எடுத்தால் வடக்குப்பட்டே கேட்டில் வந்து நிற்கும். நான் தெற்கத்திக்காரி, ஹாஸ்டல்காரி. என்னை எடுக்க ஒரு ஃபோன் போதும். அது உங்கள் தப்பில்லை என்று புரிகிறது. புரிந்தாலும் ஆத்திரம் வருகிறது, என்ன செய்ய?

இப்போது இங்கே ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். எனக்கு அந்த நாற்காலி திரும்ப வேண்டும், அண்ணே. அதை மறைக்க எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை, நான் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து பார்க்காத அந்த மானிட்டர் எப்படி இருக்கிறது என்றாவது எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள், கெட்டதும் எழுதுங்கள். கெட்டதைக் கொஞ்சம் தாராளமாக எழுதினால் சந்தோஷப்படுவேன்.

சந்திரலேகா

*

வடக்குப்பட்டு
4.8.2024

அன்புள்ள லேகா,

நீ திட்டியது எல்லாம் நியாயம். நிலம் கொடுத்த வீடு என்றாயே, அதற்கு மட்டும் ஒரு பதில். எங்கள் அப்பா நெல் போட்ட இடத்தில்தான் இப்போது கம்பெனி லாரி நிறுத்துகிறார்கள். அதற்குக் கைமாறாகக் கிடைத்தது இந்த ஒரு நாற்காலி. அதையும் குத்திக்காட்டினால் நான் எங்கே போய் உட்காருவேன்? போகட்டும், விடு.

மானிட்டரைப் பற்றிக் கேட்டாய். பொய் சொல்லக் கூடாது, நல்லதை முதலில் சொல்கிறேன். அசந்துபோய்விட்டேன். முதல் வாரம் முழுக்க எனக்குக் கொண்டாட்டம்தான். ஆறு லைனும், ஆறு லைனின் கேமராவும், விளக்கு நிறமும், எண்ணிக்கையும் ஒரே பார்வையில் விழுகின்றன. ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கிற தொல்லை இல்லை. நீ பயந்த அந்தக் கறுப்புச் சட்டம் ஒழிந்தது. மூன்றிலிருந்து நாலுக்குப் போகிற ஆள் இப்போது மறைவதே இல்லை. கீழே இருக்கிறவன் நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. மேஜைக்கு அடியில் காலைச் சுற்றுகிற வயர்க் குப்பை போய், ஒரே வயர். டெல்லியிலிருந்து விசிட்டர் வந்தால் ரகுபதி சார் நேராக இங்கேதான் கூட்டிவருகிறார். அவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். சசிகலா கேட்கிறாள், "இன்னாங்க, சினிமா கொட்டா மாரி கீதாமே? பாப்கார்ன் வாங்கினு வரட்டா?"

இனி கெட்டது. டீ டம்ளர் வைக்க இடமில்லை. சிரிக்காதே, முதல் கஷ்டம் அதுதான். அப்புறம், திரை வளைந்திருப்பதால் மேலே இருக்கிற ட்யூப்லைட் அதில் கோடு கோடாக விழுகிறது. எது விளக்கு, எது நம் மஞ்சள் என்று சட்டெனப் புரிவதில்லை. முன்பு ஒரு மானிட்டர் செத்தால் இன்னொன்று இருந்தது. போன வாரம் இதன் வயர் கழன்று ஒட்டுமொத்தமாக இருட்டாகிவிட்டது. இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் பொத்தினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நல்லவேளை, கீழே அப்போது டீ பிரேக்.

எல்லாவற்றையும்விடக் கழுத்து. மேஜை அதே பழைய ஒடுக்கமான மேஜை, மானிட்டர் மூக்குக்கு நேராக இருக்கிறது. நாற்காலியை நடுவில் போட்டிருக்கிறார்கள். இரண்டு ஓரமும் காதுக்குப் பக்கத்தில் போய்விடுகின்றன. இடது பக்கம் எனக்குப் பழக்கம், தலை தானாகத் திரும்பிவிடுகிறது. வலது பக்கம் உன் பக்கம். அங்கே திரும்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில நேரம் மறந்தும் போகிறேன். நீ வரைந்து கொடுத்த படத்தைத்தான் அப்படியே போட்டிருக்கிறார்கள், ஒரு கோடுகூட மாற்றவில்லை.

நாற்காலியைப் பற்றி மறுபடி கேட்டேன். "அடுத்த வருஷ பட்ஜெட்ல பாக்கலாம்" என்றார். நான் விடப்போவதில்லை.

ஜீவானந்தம்

*

திசையன்விளை
13.8.2024

ஜீவா அண்ணனுக்கு,

உங்களுக்குக் கழுத்து வலி என்று படித்ததும் எனக்கு எவ்வளவு ஆனந்தம் தெரியுமா? கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் என்னம்மா தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டுவிட்டார். நல்லா வலிக்கட்டும். ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளட்டும். தலையைக் கோணிக்கொண்டே ரகுபதி சார் முன்னால் போய் நில்லுங்கள், அப்போதாவது அவருக்கு உறைக்கும்.

அப்பாவின் நிலத்தைச் சொன்னது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்பு. மற்றதற்கு இல்லை.

வலது பக்கம் திரும்ப மறக்கிறது என்று ரொம்ப அலட்டிக்கொள்ளாதீர்கள். நாலும் ஐந்தும் உங்களுக்குக் கண்ணில் படும். கடைசியில் இருப்பது ஆறு. அது சாதுவான லைன். சுடலையே சொல்லுவான், "எக்கா, எங்க லைன்ல நின்னா ஒறக்கந்தான் வருது, வருஷத்துல நாலு தடவ தகடு மாட்டுனா பெருசு." அந்த ஓரத்தை விடுங்கள். அங்கே ஒன்றும் நடக்காது. இடது பக்கத்து இரண்டாவது லைன்தான் ராட்சசி, அதைப் பாருங்கள்.

அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் நாற்காலி வந்தால் தப்பிப்பேன். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

சந்திரலேகா

*

வடக்குப்பட்டு
30.8.2024

லேகா,

இதைச் சசிகலா சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுவருவாள். கிழித்துப் போட்டாலும் சரி. ஆனால் படித்துவிட்டுக் கிழி. ஆஸ்பத்திரி வாசலில் நீ என்னைப் பார்த்து, "ஒம்ம கண்ணு என்ன பொடதியிலயா இருந்துச்சு?" என்று கேட்டாய். நாலு வருஷத்தில் என்னை நீ "ஒம்ம" என்று பேசியதில்லை. அதற்குப் பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட். இரண்டாவது லைனில் தகட்டுச் சுருள் சிக்கிக்கொண்டு பெரிய கூச்சல். திரையில் இடது பக்கம் முழுக்கச் சிவப்பு. நான் அந்தப் பக்கம் திரும்பி இன்டர்காமில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஆறாவது லைனில் ஒரு தகடு மாட்டியிருக்கிறது. சுடலை முறையாகச் சாவியைத் திருப்பியிருக்கிறான். மஞ்சள் எரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பூட்டு விழவில்லை. அவன் கையை விட்டான். அந்தப் பக்கம் நின்ற பையன், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து பிரஸை ஓட்டிவிட்டான்.

மேலே பூட்டியதும் பிரஸில் எரியும் பூட்டு விளக்கைப் பார்த்துவிட்டுத்தானே கையை விட வேண்டும் என்று இப்போது ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். அதற்கும் காரணம் நாம்தான், லேகா. நீயும் நானும் இருந்தவரை அவன் சாவியைத் திருப்பி மூச்சு விடுவதற்குள் பூட்டு விழுந்துவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால் கீழே ஒருத்தரும் அந்த விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நம்பிக் கையை விட்டார்கள்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடி ரூமில் எதுவும் கேட்காது. எல்லோரும் வலது பக்கம் ஓடுவது தெரிந்துதான் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். அவ்வளவு தெளிவான திரை அது. எதுவும் மறையாத திரை.

விசாரணை வைத்தார்கள். ரகுபதி சார் பதிவைப் போட்டுக் காட்டினார். "பாரு, ஸ்கிரீன்ல க்ளியரா மஞ்சள் வந்திருக்கு. மானிட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. நீதான் பாக்கல" என்றார். ஆமாம் சார், பார்க்கவில்லை என்றேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். "அந்தப் பையன் சாவியே திருப்பலன்னு சொல்லிடுடா, தெக்கத்திப் பையன்தானே, எவன் கேக்கப் போறான்" என்றார்கள். கூடப் பிறந்தவன் கையாக இருந்தால் அப்படிச் சொல்வார்களா? சாவியைத் திருப்பினான் என்றுதான் சொன்னேன். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

வலது கையில் இரண்டு விரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் சசிகலா சொல்லி அழுதாள். நான் டிவிகூடப் போடுவதில்லை. எந்தத் திரையைப் பார்த்தாலும் வலது ஓரத்தில் மஞ்சளைத் தேடுகிறேன்.

என்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

ஜீவானந்தம்

*

ஆஸ்பத்திரியிலிருந்து
4.9.2024

ஜீவா அண்ணனுக்கு,

சசிகலா அண்ணி கொண்டுவரும் ரசச்சோறு மட்டும்தான் சுடலைக்கு இறங்குகிறது. இடது கையால் பிசைந்து சாப்பிடப் பழகுகிறான். என்னிடம் நேற்று, "எக்கா, ஜீவா அண்ணன ஏன் உள்ள வர விடமாட்டுக்க?" என்று கேட்டான். நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கத்தான் நினைத்தேன். "அங்கே ஒன்றும் நடக்காது, அந்த ஓரத்தை விடுங்கள்" என்று நான் எழுதினேனே, அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காரிடாரிலேயே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து ஏம்மா மயக்கமா என்று கேட்டாள்.

அது மட்டுமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஆறாவது லைனை வலது ஓரத்தில் வைத்து வரைந்தவள் நான். ஏன் அங்கே வைத்தேன் தெரியுமா? அது என் நாற்காலிக்கு நேர் எதிரே வரும். இடது பக்கம் மூன்று லைன் உங்களுக்கு, வலது பக்கம் மூன்று லைன் எனக்கு, அதில் என் தம்பி நிற்கிற லைன் என் கண்ணுக்கு நேரே. உங்களிடம்கூடச் சொல்லவில்லை, கேலி செய்வீர்கள் என்று வெட்கம். இரண்டு நாற்காலிக்கு வரைந்த படம் அது. ஒரு நாற்காலியைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை நடுவில் தள்ளிவிட்டு, படத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நான் அவனுக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த இடம் யாருமே பார்க்காத இடமாகிவிட்டது. நீங்கள் போன மாதமே "ஒரு கோடுகூட மாற்றவில்லை" என்று எழுதினீர்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கழுத்து வலியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் சொன்னாலும் மஞ்சள் எரிந்தது, நீங்கள் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பேன். இதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

இன்று காசிராஜன் பழக்கூடையோடு வந்தான். கம்பெனி என்னைத் திரும்பக் கூப்பிடுகிறதாம். உங்கள் இடத்துக்கு. தனியாக. தம்பிக்கு இப்படி ஆன குடும்பத்துக்கு ஓர் உதவியாம். எந்த நாற்காலிக்கு ஏங்கினேனோ அது கிடைக்கிறது, எப்படிக் கிடைக்கிறது பாருங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் உட்கார்ந்தால் இனி ஒரு விரலும் போகாது.

சந்திரலேகா

*

வடக்குப்பட்டு
8.9.2024

லேகா,

உட்காரு. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபமில்லை. அது உனக்கு வர வேண்டிய இடம்தான்.

ஒன்று மட்டும் கேள். முதல் நாளே படத்தை மாற்றச் சொல். ட்யூப்லைட்டில் ஒன்றைக் கழற்றச் சொல். ஒரு பக்கம் கூச்சல் கேட்டால் முதலில் மறுபக்கம் திரும்பு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. இவ்வளவு செய்தாலும் தனியாக உட்காராதே என்றுதான் என் மனசு சொல்கிறது. என் பேச்சை எடுபடுகிற பேச்சாக நீ இப்போது நினைக்க மாட்டாய்.

நான் சசிகலாவின் அண்ணன் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ரூமுக்கு இனி என்னை யாரும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

ஜீவானந்தம்

*

கண்ணாடி ரூமிலிருந்து
23.9.2024, காலை

ஜீவா அண்ணனுக்கு,

ஃபோனைக் கேட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கேன்டீன் வண்டி ஓட்டும் நாகப்பன் அண்ணன் வடக்குப்பட்டு வழியாகத்தான் போகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். ரகுபதி சார் என் பின்னால் நின்றுகொண்டு, "என்னம்மா, இப்ப போய் லெட்டர் எழுதற?" என்று கேட்கிறார். நின்றுகொண்டிருக்கட்டும்.

போன வாரம் வேலையில் சேர்ந்தேன். நீங்கள் சொன்னபடி முதல் நாளே படத்தை மாற்றினேன். ஆறாவது லைனைத் தூக்கி நட்டநடுவில், என் மூக்குக்கு நேரே வைத்தேன். திரை நீங்கள் எழுதியதைவிட அழகாக இருக்கிறது, அண்ணே. எல்லாம் தெரிகிறது. இதில் போய் ஒரு மனுஷன் எப்படிப் பார்க்காமல் இருந்தான் என்று உங்களை மறுபடி ஒரு மூச்சு திட்டினேன்.

ஆறை நடுவில் வைத்ததால் மூன்றாவது லைன் வலது ஓரத்துக்குப் போனது. மஞ்சுளா நிற்கும் லைன்.

சற்றுமுன் இன்டர்காம் அடித்தது. மஞ்சுளா. "இன்னாக்கா, எம்மா நேரமா சாவிய திருப்பிக்கினு நிக்கிறேன், பூட்டு போடவே இல்ல. நீ மேல கீறியா இல்லியா?" என்றாள். திரும்பிப் பார்க்கிறேன், ஓரத்தில் மஞ்சள் எரிந்துகொண்டிருக்கிறது. எப்போது எரிய ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. சுடலைக்கு நடந்த பிறகு கீழே எல்லோரும் பூட்டு விளக்கு எரியும்வரை காத்திருக்கிறார்கள். அதனால் அவள் கை வெளியே இருந்தது. பழைய பழக்கத்தில் விட்டிருந்தால் இந்நேரம் அவளுடைய அம்மாவுக்கு ஃபோன் போயிருக்கும்.

எந்தப் பக்கமும் கூச்சல் இல்லை. எந்த லைனும் சிக்கவில்லை. நான் தூங்கவும் இல்லை. சுடலை நின்ற இடத்தில் இப்போது வேறொரு பையன் நிற்கிறான். நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மட்டும்தான் செய்தேன். ஆறாவது லைனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரம் எமன் என்று தெரிந்து, பயந்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் நான். நானும் பார்க்கவில்லை, அண்ணே. எழுத்து கோணலாகப் போவது உங்களுக்கே தெரியும். எந்த லைனை நடுவில் வைத்தாலும் வேறு ஒரு லைன் ஓரத்துக்குப் போகத்தான் செய்யும். அங்கே யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை நிற்கத்தான் செய்யும். ஆஸ்பத்திரி வாசலில் உங்களைக் கேட்டேனே ஒரு கேள்வி, அதை இன்று என்னைக் கேட்க ஆளில்லை.

மஞ்சுளாவுக்குப் பூட்டு போட்டேன். பிறகு ஆறு லைனையும் நிறுத்தும் சிவப்பு பட்டனை அழுத்தினேன். ரகுபதி சார் மாடிப்படியில் ஓடிவந்தார். "என்ன ஆச்சு? எந்த லைன்ல ப்ராப்ளம்?" என்றார். இந்த ரூமில் சார் என்றேன். இன்னொரு நாற்காலி போட்டால் ஓட்டுகிறேன் என்றேன். "சரிம்மா, யாரையாவது உக்கார வைக்கிறேன், மொதல்ல ஸ்டார்ட் குடு" என்றார். யாரையாவது வேண்டாம் சார், குரல் கொடுத்தால் திருப்பிச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும், அவரை நீங்கள் நிறுத்திவைத்திருக்கிறீர்கள் என்றேன். யார் யாருக்கோ ஃபோன் செய்தார். இப்போதுதான் அவரே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இடது பக்கம் போட்டார்.

என்னையும் வேலையை விட்டு அனுப்பலாம். அனுப்பட்டும். கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஞாபகம் இருக்கிறது. திரையைப் பார்க்கப் பயமாக இருந்தால் இருக்கட்டும், அண்ணே. எனக்கும்தான் பயமாக இருக்கிறது. வந்து உட்காருங்கள்.

கீழே ஆறு லைனும் நிற்கின்றன. எல்லோரும் தலையைத் தூக்கி இந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் ஸ்டார்ட் கொடுக்கவில்லை.

லேகா